கார்பன் ஃபைபரைத் தைத்தால் பலம் கூடுமா, குறையுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்பன் இழை, கண்ணாடி இழைத் தகடுகளை ஊசி நூலால் தைப்பது பற்றிப் பேச்சு எடுத்தாலே ஒரே மாதிரியான சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. இறுதியாண்டு ப்ராஜெக்ட் செய்யும் மாணவர்கள், டிரோன் கட்டுகிறவர்கள், ஃபைபர் படகு வேலை பார்க்கிறவர்கள் என்று ஆட்கள்தான் மாறுகிறார்கள். கேட்ட வாக்கிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். எளியவை முதலில், போகப் போகச் சிக்கலானவை.

கார்பன் ஃபைபர் இரும்பை விட ஸ்ட்ராங்னு சொல்றாங்க. அப்புறம் எதுக்கு அதைத் தைக்கணும்?

பலம் உண்மைதான், ஆனால் இழை ஓடும் திசையில் மட்டும். எல்லா இழையும் ஒரே பக்கம் ஓடும் கார்பன்-எபாக்சி தகட்டை இழைவாக்கில் இழுத்தால் 1500 முதல் 2500 மெகாபாஸ்கல் வரை தாங்கும். குறுக்கே இழுத்தால் 50, 80 மெகாபாஸ்கலிலேயே விரிசல் விடும். அங்கே சுமை தாங்குவது இழை அல்ல, இழைகளை ஒட்டிப் பிடிக்கும் எபாக்சி என்ற ரெசின் (பிசின்) மட்டும். அதனால்தான் இழைத்துணிகளை 0, 45, 90 டிகிரி என்று திசை மாற்றி அடுக்கி லேமினேட் செய்கிறோம். நீளவாக்கிலும் அகலவாக்கிலும் பலம் வந்துவிடும்.

தடிமன்வாக்கில்தான் சிக்கல். எத்தனை அடுக்கு வைத்தாலும் ஓர் அடுக்கிலிருந்து அடுத்த அடுக்குக்குக் குறுக்கே போகும் இழை ஒன்றுகூட இல்லை. ஒட்டிய தாள் கட்டு மாதிரி, கிழிப்பது கடினம், பிரிப்பது சுலபம். அப்படிப் பிரிவதைத்தான் டீலாமினேஷன் என்கிறார்கள்; இங்கே அடுக்குப் பிரிதல் என்று சொல்கிறேன். தையல் நூல் செய்யும் வேலை, இல்லாத அந்தக் குறுக்கு இழையைக் கொடுப்பது.

எப்போ தைக்கணும்? ரெசின் காய்ஞ்ச பிறகா, முன்னாடியா?

முன்னாடி. காய்ந்த லேமினேட்டில் ஊசி இறங்காது, துளைதான் போட வேண்டியிருக்கும். ரெசின் படாத உலர் துணிகளை அடுக்கி, தைத்து, அதன் பிறகு வெற்றிடத்தில் ரெசினை உறிஞ்ச விடுவதோ, அச்சுக்குள் அழுத்தத்தில் செலுத்துவதோதான் நல்ல வழி. உலர்ந்த இழை ஊசியைக் கண்டால் கொஞ்சம் விலகிக் கொடுக்கும்.

ரெசின் ஏற்கெனவே ஏற்றிய ப்ரீப்ரெக் துணியையும் தைத்துப் பார்த்திருக்கிறார்கள். பிசுபிசுப்பில் இழைகள் விலக முடியாமல் ஊசிக்கு அடியில் உடைகின்றன, ஊசியும் சூடாகிப் பிசின் அப்பிக்கொள்கிறது. வேறு வழி இல்லாவிட்டால் ஒழிய அந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஊசியால குத்தினா இழை உடையாதா? பலம் குறையத்தானே செய்யும்?

குறையலாம். "தைத்தால் ஸ்ட்ராங்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்கள் விட்டுவிடும் பாதி இதுதான், அதனால் இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். தையல் ஒவ்வொரு துளையிலும் மூன்று சேதம் செய்கிறது. சில இழைகள் உடைகின்றன. உடையாதவை நூலைச் சுற்றி வளைந்து போகின்றன. அப்படி விலகிய இடைவெளியில், இழை ஓடும் திசையில் நீண்ட கண் வடிவக் குழி உண்டாகி அதில் ரெசின் மட்டும் தேங்குகிறது. போதாததற்கு, மேற்பரப்பில் நூல் அழுத்தும் இடங்களில் மேலடுக்கு உள்ளே அமுங்கி நெளிகிறது.

இதில் மோசமானது எது என்றால் பலர் உடைந்த இழையைச் சொல்வார்கள். என் கணக்கில் வளைவுதான். நேரான இழையை அழுத்தினால் அது சுமையைத் தாங்கும். சில டிகிரி சாய்ந்த இழையை அழுத்தினால் பக்கவாட்டில் மடங்கி, பக்கத்து இழைகளையும் சேர்த்து மடக்கிவிடும். அதனால் தைத்த லேமினேட்டின் அழுத்த வலிமையைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். இழுவிசை வலிமைக்கும் விறைப்புக்கும் அடி விழும், ஆனால் பெரும்பாலும் இவ்வளவு இல்லை.

எவ்வளவு குறையும்? வெளிவந்த சோதனை முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலானவை 20 சதவீதத்துக்குள் அடங்கிவிடுகின்றன. சிலவற்றில் மாற்றமே இல்லை, சிலவற்றில் கூடியும் இருக்கிறது. கூடுவதற்குக் காரணம் நூலின் மாயம் அல்ல. அதைப் பின்னால் ஒப்பீடு பற்றிய கேள்வியில் பார்ப்போம்.

அப்போ நஷ்டம்தானே? லாபம் எங்க இருக்கு?

அடி வாங்கிய பிறகு இருக்கிறது. பராமரிப்பு வேலையில் ஸ்பேனர் ஒன்று கை தவறி லேமினேட் மேல் விழுகிறது என்று வையுங்கள். மேலே பார்த்தால் ஒரு சின்னப் பள்ளம், சில சமயம் அதுவும் தெரியாது. உள்ளே பல அடுக்குகள் பிரிந்து கிடக்கும். இழுத்தால் அவ்வளவாகத் தெரியாது. அழுத்தும்போது, பிரிந்த மெல்லிய அடுக்குகள் ஒன்றுக்கொன்று துணையில்லாமல் தனித்தனியே வளைந்து புடைக்கும். புடைக்கப் புடைக்கப் பிரிவு இன்னும் பரவும். தைக்காத கார்பன் லேமினேட் தன் அழுத்த வலிமையில் பாதிக்கு மேல் இப்படி இழப்பது சாதாரணம்.

தையல் அந்த அடுக்குகளைப் புடைக்க விடாமல் பிடித்துக்கொள்கிறது. பிரிவு பரவ வேண்டுமானால் ஒவ்வொரு நூலையும் இழுத்து நீட்டி அறுத்துத்தான் பரவ வேண்டும். அடுக்குகளை நேராகப் பிரித்து இழுக்கும்போது விரிசல் ஓடத் தேவைப்படும் ஆற்றல், சாதாரண எபாக்சி லேமினேட்டில் சதுர மீட்டருக்கு 100 முதல் 300 ஜூல். நெருக்கமாகத் தைத்தால் அது பத்து மடங்குக்கும் மேல் போகலாம். அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் பிரியும் வகையிலும் லாபம் உண்டு, ஆனால் இத்தனை மடங்கு எதிர்பார்க்காதீர்கள்.

ஆக, புதுத் தகட்டின் வலிமையில் கொஞ்சம் கொடுத்து, அடிபட்ட தகட்டின் வலிமையில் நிறைய வாங்குகிறோம். அடிபட வாய்ப்பே இல்லாத, பிரிக்கும் விசையும் வராத பாகத்தைத் தைப்பது வீண் செலவு.

தைச்சுட்டா அடுக்கு பிரியவே பிரியாதுன்னு எடுத்துக்கலாமா?

கூடாது. தையல் பிரிவைத் தொடங்க விடாமல் தடுப்பதில்லை, பரவ விடாமல் தடுக்கிறது. நூல் சுமை ஏற்க வேண்டுமானால் அது கொஞ்சமாவது நீள வேண்டும். நீள வேண்டுமானால் விரிசல் முதலில் அந்த நூலைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். விரிசலின் முனைக்குப் பின்னால் சில நூல்கள் பாலம் போல இழுத்துப் பிடிக்கும் நிலை வந்த பிறகுதான் எதிர்ப்பு முழுமையாக ஏறும். இரண்டு தையலுக்கு நடுவே அடங்கிவிடும் குட்டிப் பிரிவு ஒன்றுக்குத் தையல் இருப்பதே தெரியாது.

எந்த நூல் போடலாம்? டெய்லர் கடை பாலியெஸ்டர் நூல் போதுமா?

துணிகளை நகராமல் சேர்த்துப் பிடிக்க மட்டும் என்றால் போதும். சுமை தாங்க என்றால் போதாது.

விமானத்துறையில் நெடுங்காலம் ஓடியது கெவ்லார் என்ற செயற்கை இழை நூல். வளைத்தாலும் முடிச்சிட்டாலும் உடையாது, தையல் இயந்திரத்தில் சமர்த்தாகப் போகும். குறை இரண்டு: ஈரம் உறிஞ்சும், ரெசினோடு ஒட்டு சுமார்தான். நூல் வழியே தண்ணீர் உள்ளே போகும் பயம் இதனால்தான். பிறகு வந்த வெக்ட்ரான் ஈரம் உறிஞ்சுவது மிகக் குறைவு, வளைவதிலும் குறையில்லை. நாசாவும் போயிங்கும் சேர்ந்து செய்த பிந்தைய வேலைகளில் அதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். கார்பன் நூலும் கண்ணாடி நூலும் லேமினேட்டுக்குள் உட்கார்ந்துவிட்டால் விறைப்பானவை, ஆனால் ஊசிக் கண்ணில் மடங்கும்போதே இழை இழையாக நொறுங்கும். இயந்திரத்தை மெதுவாக ஓட்டப் பொறுமை இருந்தால் முயன்று பாருங்கள்.

கடையில 'ஸ்டிட்ச்டு ஃபேப்ரிக்', 'பையாக்ஸ்'னு விக்கிறாங்களே, அதை வாங்கினா தைச்ச மாதிரிதானே?

இல்லை. இந்தக் குழப்பம் படகு வேலை செய்கிறவர்களிடம்தான் அதிகம். பையாக்ஸ், குவாட்ராக்ஸ் என்று ரோலாக வரும் துணியில் இழைக் கட்டுகளை நெய்யாமல் நேராக அடுக்கி, மெல்லிய பாலியெஸ்டர் நூலால் பின்னிச் சேர்த்திருப்பார்கள். அந்த நூல் துணி கலையாமல் இருப்பதற்கு. ஒரு துணிக்கும் அதன் மேல் வைக்கும் அடுத்த துணிக்கும் நடுவே எந்த நூலும் ஓடுவதில்லை, அங்கே பழையபடி ரெசின் மட்டும்தான்.

அதற்காக அது மட்டமான துணி என்று அர்த்தமில்லை. நெய்த துணியான வோவன் ரோவிங்கில் இழைகள் மேலும் கீழுமாக நெளிந்து போகும், இதில் நேராகப் போகும்; மேலே சொன்ன வளைவுப் பிரச்சினை அந்த அளவுக்குக் குறைகிறது. காற்றாலை இறக்கைகள் பெரும்பாலும் இந்த வகைக் கண்ணாடித் துணியில்தான் வார்க்கப்படுகின்றன. முப்பந்தல் பக்கம் போகும்போது சுற்றிக்கொண்டிருப்பவற்றுக்குள்ளும் இப்படிப் பின்னிய துணி இருக்க நிறைய வாய்ப்புண்டு. அதைத் தையலால் வலுவூட்டிய லேமினேட் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

லாக் ஸ்டிட்ச் போடலாமா, செயின் ஸ்டிட்ச் போடலாமா?

சட்டை தைக்கும் சாதாரண லாக் ஸ்டிட்சில் மேல் நூலும் பாபின் நூலும் துணியின் நடுவில் பின்னிக்கொள்ளும். சட்டைக்கு அது அழகு. லேமினேட்டில் அந்த முடிச்சு நடு அடுக்கில் உட்கார்ந்து சுற்றியுள்ள இழைகளைத் தள்ளிவிடும். அதனால் நூல் இழுவையை மாற்றி, முடிச்சு ஒரு பக்க மேற்பரப்பிலேயே விழும்படி செய்கிறார்கள். மாற்றிய லாக் ஸ்டிட்ச் என்பது இதுதான், வலுவூட்டலுக்கு வழக்கமான தேர்வும் இதுதான். செயின் ஸ்டிட்ச் ஒரே நூலில் முடியும், ஆனால் நூல் அதிகம் பிடிக்கும், ஒரு முனை விட்டால் உருவிக்கொண்டு வரும்.

அடிப்பக்கம் கை எட்டாத பெரிய அச்சுகளுக்கு ஒரு பக்கத் தையல் முறைகள் இருக்கின்றன. டஃப்டிங் அவற்றில் எளிது. கம்பளம் செய்வது போல ஊசி நூலை இறக்கிவிட்டுத் திரும்பி வரும், வளையம் முடிச்சில்லாமல் உராய்வில் நிற்கும். நூலில் இழுவை குறைவு என்பதால் இழைகள் நெளிவதும் குறைவு. ரெசின் ஏறும் வரை வளையத்தைப் பிடித்துக்கொள்ள முடிச்சு இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். துணியை முரட்டுத்தனமாகக் கையாண்டால் உருவிக்கொள்ளும்.

எவ்வளவு நெருக்கமா தைச்சா நல்லது? நெருக்கமா தைக்கத் தைக்க பலம் ஏறிக்கிட்டே போகுமா?

பிரிவைத் தடுக்கும் திறன் ஏறும். தகட்டின் மற்ற வலிமை இறங்கும். இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தைப் பாகத்துக்குப் பாகம் தேட வேண்டியதுதான், சூத்திரம் கேட்காதீர்கள். தொடங்க ஓர் எண் வேண்டுமென்றால், சோதனைகளில் அடிக்கடி காணும் அளவு வரிசைக்கு வரிசை 5 மி.மீ. அளவிலும் தையல் நீளம் 3 முதல் 5 மி.மீ. வரையிலும். வரிசையின் திசையும் முக்கியம். முதன்மைச் சுமை தாங்கும் இழைகள் ஓடும் திசைக்கு இணையாகத் தைத்தால் ஒரே இழைக் கட்டு துளைக்குத் துளை அடிபடும் அபாயமும் உண்டு, குறுக்கே தைத்தால் ஒரே கோட்டில் எல்லாக் கட்டுகளும் பலவீனமாகும் அபாயமும் உண்டு. இரண்டையும் சிறு தகட்டில் தைத்து உடைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

அதைவிட நல்ல கேள்வி, எங்கே தைப்பது என்பது. தகடு முழுக்கத் தைப்பதை விட, தகடு வளையாமல் தாங்கும் விறைப்புச் சட்டம் தகட்டோடு சேரும் விளிம்பில் மட்டும் இரண்டு வரிசை போடுவது பல சமயம் அதிக பலன் தரும். உரிந்து வரும் விசை அங்கேதான் குவிகிறது.

நிஜ விமானத்துல இதையெல்லாம் செய்யறாங்களா, இல்ல பேப்பரோட சரியா?

செய்திருக்கிறார்கள். சி-17 ராணுவச் சரக்கு விமானத்தின் தரையிறங்கு சக்கரக் கதவுகளில் தைத்து ரெசின் ஏற்றிய பாகங்கள் பயன்பட்டிருக்கின்றன. ஆனால் இந்தத் துறையின் பெரிய பாடங்கள் நாசாவின் சோதனைகளில் இருக்கின்றன.

1990களில் நாசாவும் மெக்டானல் டக்ளஸும் (1997இல் போயிங்கோடு இணைந்துவிட்டது) ஒரு முழு இறக்கையையே தைத்துச் செய்ய முயன்றன. 220 பேர் பயணிக்கும் விமானத்துக்கான இறக்கைப் பெட்டி, சுமார் 42 அடி நீளம். இதற்கென்றே ராட்சதத் தையல் இயந்திரம் ஒன்று கட்டினார்கள். கார்பன் துணி அடுக்குகள் கெவ்லார் நூலால் தைக்கப்பட்டன. விறைப்புச் சட்டங்களைத் தகட்டோடு சேர்க்க ஒரு போல்ட்கூட இல்லை. 2000இல் நாசாவின் லாங்லி மையத்தில் கண்ணுக்குத் தெரியாத அடிச் சேதங்களோடு அதைச் சோதித்தபோது வடிவமைப்பின் உச்சச் சுமையில் 97 சதவீதம் வரை தாங்கிய பிறகு உடைந்தது. உடைந்த இடம் கீழ்த் தகட்டில் ஆள் கை விட்டு வேலை செய்ய விட்டிருந்த துளை வழியாக. உச்சச் சுமை என்பது பறக்கும்போது வரக்கூடிய அதிகபட்சச் சுமையின் ஒன்றரை மடங்கு என்பதால், 97 என்பதைத் தோல்வி என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது ப்ரூசியஸ் என்ற முறை. விறைப்புச் சட்டத்தின் தலையில் முன்பே வார்த்த கார்பன் கம்பி, அதைத் தகட்டோடு இணைக்கும் விளிம்புகளில் தையல், பிறகு ஆட்டோகிளேவ் (அழுத்தத்தோடு சூடாக்கும் கலம்) இல்லாமல் அடுப்பிலேயே ரெசின் ஏற்றம். இறக்கையும் உடலும் ஒன்றாகக் கலந்த வடிவ விமானத்துக்கு இது தேவைப்பட்டது. அங்கே பயணிகள் அறை உருண்டைக் குழாயாக இருக்காது, தட்டையான சுவர் உள்காற்றழுத்தத்தைத் தாங்க வேண்டும், அது சட்டத்தையும் தகட்டையும் பிரிக்கப் பார்க்கும். 30 அடி அகலப் பெட்டி ஒன்றை 2015இல் லாங்லியில் அழுத்தியும் வளைத்தும் பார்த்தார்கள். உச்சச் சுமை வரை தாங்கியது. முதல் திட்டத்தில் தகடு முழுக்க ஓடிய தையல் இதில் இணைப்புகளுக்கு நகர்ந்துவிட்டதைக் கவனியுங்கள். மேலே எங்கே தைப்பது என்று சொன்னது இதை வைத்துத்தான்.

பேசாம போல்ட் போட்டுடலாமே?

போடலாம், இன்றும் பெரும்பாலும் அதுதான் நடக்கிறது. போல்ட் துளை பல மி.மீ. அகலத்துக்கு இழைகளை அறுத்துவிடும், அதை ஈடுகட்ட அந்த இடத்தைத் தடிமனாக்க வேண்டும், அதன் எடை தனி. கார்பனோடு அலுமினியம் தொட்டால் அரிப்பு என்பதால் டைட்டானியம் வாங்க வேண்டும். தையல் அதே பிடிப்பைப் பல சின்னப் புள்ளிகளில் பிரித்துக் கொடுக்கிறது. ஆனால் போல்ட்டைக் கழற்றி மாட்டலாம், தையலை முடியாது.

வெயில், மழை, வருஷக்கணக்கான அதிர்வு இதெல்லாம் தையலைப் பாதிக்குமா?

பாதிக்கும். ஒவ்வொரு துளைக்கும் பக்கத்தில் ரெசின் தேங்கிய குழி உண்டு என்று சொன்னேன் அல்லவா, சூடும் குளிரும் மாறி மாறி வரும்போது நுண் விரிசல்கள் முதலில் அங்கேதான் வரும். கெவ்லார் சூடானால் நீளவாக்கில் சற்றே சுருங்கும், சுற்றியுள்ள ரெசினோ விரியும். இந்த இழுபறி விரிசலுக்கு வசதி. அந்த விரிசல்களால் வலிமை உடனே சரிவதில்லை. நீர் உள்ளே போக வழியாகின்றன என்பதுதான் கவலை.

திரும்பத் திரும்ப இழுத்துவிடும் சுமையில், தைத்த லேமினேட் தைக்காததை விடச் சற்று முன்னதாகச் சோர்ந்துபோகலாம். காரணம் அதே வளைந்த இழைகள்தான்.

ஃபோம் வெச்ச சாண்ட்விச் பேனலைத் தைக்கலாமா?

தைக்கலாம், அங்கே கதை கொஞ்சம் வேறு. ஊசி ஃபோமில் போட்ட துளை வழியே ரெசின் இறங்கி, நூலோடு சேர்ந்து ஒரு குட்டித் தூண் ஆகிவிடும். மேல் தகடு ஃபோமிலிருந்து உரிவது வெகுவாகக் குறையும், பேனல் நசுங்காமல் தாங்கும் திறனும் கூடும். விலை என்னவென்றால் எடை. எடையைக் குறைக்கத்தான் ஃபோம் வைத்தோம், துளை துளையாக ரெசினை ஊற்றி அதை நிரப்பிவிடக் கூடாது. விளிம்பிலும் சுமை இறங்கும் இடங்களிலும் மட்டும் தையுங்கள்.

டிரோன் கைக்கு 1.5 மி.மீ. கார்பன் பிளேட் செய்யறேன். தைச்சா நல்லதா?

பெரும்பாலும் வேண்டாம். இவ்வளவு மெல்லிய தகட்டில் நூலின் நெளிவு தடிமனில் பெரிய பங்கைத் தின்றுவிடும், இழப்பு உடனே தெரியும். கை உடலோடு சேரும் அடிப்பகுதியில் அடுக்கு உரிகிறது என்றால் அங்கே மட்டும் ஓரிரு வரிசை போட்டுப் பார்க்கலாம். அதற்கு முன் அடுக்குகளின் திசையை மாற்றிப் பாருங்கள், முனைகளைப் படிப்படியாகக் குறைத்து முடியுங்கள். செலவில்லாத வைத்தியம் அது.

தையலுக்குப் பதிலா இசட்-பின், 3டி நெசவுன்னு சொல்றாங்களே?

இசட்-பின் என்பது மெல்லிய விறைப்பான கார்பன் குச்சிகளை ப்ரீப்ரெக்கில் அதிர்வு கொடுத்து இறக்குவது. உலர் துணி தேவையில்லை என்பது அதன் பலம். எஃப்/ஏ-18 சூப்பர் ஹார்னெட் போர் விமானத்தில் பயன்பட்டிருக்கிறது. 3டி நெசவில் குறுக்கு இழை நெய்யும்போதே வந்துவிடும், ஊசிச் சேதமே இல்லை. லீப் விமான எஞ்சினின் விசிறி இறக்கைகள் அப்படி நெய்து ரெசின் ஏற்றியவை. ஆனால் அந்த நெசவு இயந்திரம் இருக்க வேண்டும், வடிவமும் தறியில் வர வேண்டும். கையில் துணி, அச்சு, ஒரு நல்ல தையல் இயந்திரம் மட்டும் இருக்கிறவர்களுக்குத் தையல்தான் எட்டும் வழி.

எங்க சோதனையில தைச்ச பிளேட்டோட இழுவிசை வலிமை 8 சதவீதம் கூடியிருக்கு. தையல்தானே காரணம்?

தடிமனை அளந்தீர்களா? தையல் உலர் துணியை இறுக்கி அமுக்கும். அதே அளவு இழை குறைந்த தடிமனில் அடங்கினால், ரெசினுக்கு எதிராக இழையின் விகிதம் கூடும். சுமையைக் குறுக்குப் பரப்பால் வகுத்தால் வலிமை கூடியது போலத் தெரியும். உண்மையில் தகடு தாங்கிய மொத்தச் சுமை மாறாமலோ குறைந்தோகூட இருக்கலாம். நேர்மாறாக, தைத்த தகடு தடிமனாக வந்தால் இல்லாத நஷ்டம் ஒன்று காகிதத்தில் தோன்றும்.

ஆகவே இழை விகிதத்தையும் தடிமனையும் சேர்த்தே எழுதுங்கள், அகலத்துக்கு இத்தனை சுமை என்ற கணக்கையும் கொடுங்கள். தைக்காத தகட்டை அதே நாளில், அதே ரெசின், அதே வெற்றிடத்தில் வார்த்தெடுங்கள். போன செமஸ்டர் சீனியர் செய்த தகட்டோடு ஒப்பிடுவது ஒப்பீடு ஆகாது.

டிசிபி சோதனையில விரிசல் ஓடவே இல்லை, தகட்டோட கையே ஒடிஞ்சு போச்சு. சோதனை வீணா?

தைத்த லேமினேட்டில் இது அடிக்கடி நடக்கும். டிசிபி, அதாவது ஏஎஸ்டிஎம் என்ற தர அமைப்பின் டி5528 முறை, தகட்டின் முனையை இரண்டு கைகளாகப் பிரித்து இழுத்து விரிசலை ஓடவிடுவது, தைக்காத லேமினேட்டுக்காக எழுதப்பட்டது. நூல்கள் விரிசலை அவ்வளவு இறுக்கிப் பிடிப்பதால் கைகள் வளைந்து, விரிசல் நகரும் முன்பே ஒடிந்துவிடுகின்றன. இரு பக்கமும் கூடுதல் தகடு ஒட்டிக் கைகளைத் தடிமனாக்கி மறுபடி செய்யுங்கள்.

ஓடிய பிறகும் ஒரே எண்ணை எடுத்து எழுதிவிடாதீர்கள். விரிசல் நீள நீள அதைப் பிடிக்கும் நூல்களின் எண்ணிக்கை கூடுவதால் எதிர்ப்பும் ஏறிக்கொண்டே போய்த்தான் நிலைக்கு வரும், அதனால் முழு வளைகோட்டையும் போட வேண்டும். உடைந்த முகத்தை லென்ஸில் பாருங்கள். நூல்கள் நடுவில் அறுந்திருக்கின்றனவா, மேற்பரப்பு வளையத்தில் அறுந்து உருவிக்கொண்டு வந்திருக்கின்றனவா என்பது தெரிந்தால் அடுத்த முறை தடித்த நூல் போடுவதா, நூல் இழுவையைத் தளர்த்துவதா என்று முடிவு செய்யலாம். அடிபட்ட பின்னான அழுத்த வலிமைக்கு டி7136 முறையில் எடையைப் போட்டு அடித்து, டி7137 முறையில் அழுத்துங்கள். நேரமும் தகடும் ஒரே சோதனைக்குத்தான் போதும் என்றால் டிசிபியை விட்டுவிட்டு இதைச் செய்யச் சொல்வேன்.